வீட்டு ரொட்டி ஏன் சரியாக வரவில்லை: வெப்ப ஊர்ச் சமையலறைக்கான பிழை நீக்கும் வழிமுறை

சென்னையில் என் வீட்டுச் சமையலறையில் வாரத்துக்கு இரண்டு ரொட்டி சுடுகிறேன். தில்லிக் கடைகளில் வாங்கிய ரொட்டி மாதிரிகளை அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2016இல் சோதித்து, அவற்றில் பொட்டாசியம் புரோமேட் என்னும், புற்றுநோய் அபாயம் உள்ளதாகக் கருதப்படும் மாவுச் சேர்மம் இருப்பதாக அறிவித்தது. அதே ஆண்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தச் சேர்மத்தைத் தடையும் செய்தது. அப்போது ஏற்பட்ட அச்சத்தில் தொடங்கிய பழக்கம் இது. தடை வந்த பிறகும் நான் கடை ரொட்டிக்குத் திரும்பவில்லை, ஏனெனில் அதற்குள் ருசி கண்ட பூனையாகிவிட்டிருந்தேன்.

தொடக்க காலத்தில் பத்து ரொட்டிக்கு ஆறு கெட்டுப்போயின. காரணம் என் கைகளில் இருப்பதாக நெடுநாள் நம்பினேன். உண்மையில் நான் பின்பற்றிய செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்ந்த நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றில் ‘அறை வெப்பநிலையில் ஒன்றரை மணி நேரம்’ என்று இருந்தால், அந்த அறை 20 அல்லது 22 டிகிரி செல்சியஸில் இருக்கிறது என்பதே பொருள். மே மாதச் சென்னைச் சமையலறை 34 டிகிரியில் இருக்கும். ஈஸ்ட் ஏறத்தாழ ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரி உயர்வுக்கும் இரு மடங்கு வேகத்தில் வேலை செய்யும் என்பதால், அங்கே ஒன்றரை மணி நேரத்தில் நடப்பது இங்கே அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. கீழே சொல்லப்படும் குறைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே இடத்தில் வேர்விட்டவை.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அளவு தேவை. 400 கிராம் மைதா, 130 மில்லி தண்ணீர், காய்ச்சி ஆற வைத்த பால் 130 மில்லி, உப்பு 8 கிராம், சர்க்கரை 20 கிராம், வெண்ணெய் 25 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம். எட்டரை அங்குல நீளமும் நாலரை அங்குல அகலமும் உள்ள டின்னுக்கு இது போதும். கப் கணக்கை விட்டுவிட்டு டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கிவிடுங்கள். மைதாவை அள்ளும் விதத்தைப் பொறுத்து ஒரே கப்பில் 120 கிராமும் பிடிக்கும், 150 கிராமும் பிடிக்கும். இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டு எந்தப் பிழைக்கும் காரணம் கண்டுபிடிக்க இயலாது.

மாவு உப்பவே இல்லை

முதலில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால் டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்து, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட்டைத் தூவிப் பத்து நிமிடம் விடுங்கள். மேலே நுரை கட்டி எழுந்தால் ஈஸ்ட் நலமாக இருக்கிறது. கலங்கிய தண்ணீராகவே நின்றால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு வாங்குங்கள். நம் ஊரின் ஈரக்காற்றில் பிரித்த ஈஸ்ட் பாக்கெட்டை ரப்பர் பேண்டு போட்டு அலமாரியில் வைத்தால் சில வாரங்களிலேயே வீரியம் குறைந்துவிடும். காற்றுப் புகாத சிறு புட்டியில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் பல மாதங்கள் தாங்கும். உறைநிலையிலிருந்து எடுத்து நேராக மாவில் சேர்க்கலாம்.

ஈஸ்ட் நலமாக இருந்தும் மாவு எழவில்லை என்றால் அதை நீங்கள் கொன்றிருக்கக்கூடும். 55 டிகிரியைத் தாண்டிய பாலோ தண்ணீரோ ஈஸ்ட்டுக்கு எமன். காப்பிக்குக் காய்ச்சிய பாலை ‘கொஞ்சம் ஆறிவிட்டது’ என்று விரல் வைத்துப் பார்த்து ஊற்றுபவர்களுக்கு இந்தத் தவறு நேரும். விரலை ஐந்து விநாடி வைத்திருக்க முடியாத சூட்டில் எதையும் ஊற்றாதீர்கள். பாலைக் காய்ச்சுவது மட்டும் நல்லதே, ஏனெனில் காய்ச்சாத பாலில் உள்ள ஒரு வகைப் புரதம் ரொட்டி மாவைத் தளர்த்தும். மேலைநாட்டுச் செய்முறைகளில் இதைத் தனிப் படியாக எழுதியிருப்பார்கள், நம் வீடுகளில் எழுதாமலே நடக்கிறது.

சர்க்கரை மிகுந்த இனிப்பு பன் மாவு மெதுவாகத்தான் எழும். மைதாவின் எடையில் பத்தில் ஒரு பங்கைச் சர்க்கரை தாண்டினால் அது ஈஸ்ட்டிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. அங்கே பொறுமையே மருந்து. உப்பும் ஈஸ்ட்டும் தொட்டுக்கொண்டால் ஈஸ்ட் செத்துவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். ஈரத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து வைக்காத வரை, மாவில் கலக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடத் தொடர்பினால் கெடுதி ஏதும் வருவதில்லை.

மாவு கையில் ஒட்டுகிறது, பிசையவே முடியவில்லை

ஒட்டும் மாவு இரண்டு வகைப்படும், இரண்டுக்கும் மருந்து வேறு. பிசையத் தொடங்கிய சில நிமிடங்களில் ஒட்டுவது இயல்பு. அரை மணி நேரமோ அதற்கு மேலோ உப்பிய பிறகு, முன்பு வழவழப்பாக இருந்த மாவு திடீரெனப் பிசுபிசுவென்று கையில் ஒட்டத் தொடங்கினால் அது அளவுக்கு மீறிப் புளித்துவிட்டது. அதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

தொடக்கத்தில் ஒட்டும் மாவைப் பார்த்ததும் மேலும் ஒரு பிடி மைதாவைத் தூவுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அந்த ஒரு பிடி, இரண்டு பிடியாகி, ரொட்டி மறுநாள் மரக்கட்டையாக மாறும். மைதாவில் உள்ள புரதம் தண்ணீரை உறிஞ்சி ஒன்றோடொன்று பிணைந்து குளூட்டன் என்னும் வலையாக மாறுவதற்கு நேரம் தேவை. கைவலியோடு பிசைவதால் மட்டும் அந்த வலை உருவாவதில்லை. உப்பும் ஈஸ்ட்டும் வெண்ணெயும் சேர்க்காமல் மைதாவையும் நீர்ப்பொருள்களையும் மட்டும் கலந்து, ஈரத் துணி போட்டு மூடி அரை மணி நேரம் விட்டுவிட்டால், திரும்பி வரும்போது மாவு தானாகவே பாதி பிசைந்ததுபோல் இழுபடும். பிரெஞ்சு ரொட்டி வல்லுநர் ரேமோன் கால்வெல் 1970களில் பரப்பிய முறை இது. மதுரைப் பக்கத்துப் பரோட்டா மாஸ்டர்கள் பிசைந்த மாவுக்கு எண்ணெய் தடவி மணிக்கணக்கில் ஊறப் போடுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது, ஏனெனில் துணி மெலிவில் பரோட்டாவை வீசுவதற்கு வேண்டிய இழுவை அந்த ஊறலில்தான் கிடைக்கிறது.

ஊறிய பிறகு ஈஸ்ட், உப்பு, சர்க்கரை சேர்த்து எட்டு நிமிடம் பிசைந்து, வெண்ணெயைக் கடைசியில் சேருங்கள். முதலிலேயே சேர்த்தால் கொழுப்பு புரதத்தைப் போர்த்திக்கொண்டு வலை கட்டுவதைத் தாமதப்படுத்தும். ஓர் எலுமிச்சை அளவு மாவை எடுத்து விரல்களால் மெல்ல விரித்தால், வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குச் சவ்வாக விரிய வேண்டும். கிழிந்தால் இன்னும் சிறிது பிசைய வேண்டும், அல்லது பத்து நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் கூழாகவே இருந்தால் உங்கள் மைதாவில் புரதம் குறைவு. கடையில் கிடைக்கும் மைதாவில் 9 முதல் 11 விழுக்காடு வரை புரதம் இருக்கும். மேலைநாட்டு ரொட்டி மாவில் 12 அல்லது 13. உறையின் பின்புறம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று அச்சிட்டிருப்பதைப் படித்து, 10க்குக் குறைவானதைக் கேக்குக்கு ஒதுக்குங்கள். வேறு கிடைக்காவிட்டால், செய்முறையில் உள்ள தண்ணீரில் 20 மில்லியைக் குறைத்துத் தொடங்கி, தேவைப்பட்டால் பிறகு சேருங்கள்.

நன்றாக உப்பி வந்தது, அவனில் (ரொட்டி சுடும் மின் அடுப்பில்) வைத்ததும் அமுங்கிவிட்டது

எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியவையே. டின்னின் விளிம்புக்கு மேல் அழகாக எழுந்து நின்ற மாவு, சூடு பட்டதும் நடுவில் குழிந்து, இருபுறமும் சுருங்கி, தொட்டில் போல் ஆகிவிடும். வெட்டினால் மேல் பாதியில் பெரிய ஓட்டைகளும் அடியில் நெருக்கமான அடுக்கும் இருக்கும். புளித்த கள்ளின் வாடையும் சிறிது அடிக்கும். மாவு தன் எல்லையைத் தாண்டி உப்பிவிட்டது. குளூட்டன் வலை ஒரு பலூனைப் போல மெலிந்து மெலிந்து, அவனின் முதல் சூட்டில் வாயு இன்னும் விரியும்போது தாங்க முடியாமல் உடைந்துவிடுகிறது.

இட்லி மாவோடு இதை ஒப்பிட்டால் காரணம் விளங்கும். இட்லி மாவில் வாயுவைப் பிடித்து வைத்திருப்பது உளுந்தின் கொழகொழப்பு. அது இரவெல்லாம் பொங்கி, சற்றே அமுங்கினாலும், கரண்டியால் அள்ளி ஊற்றினால் இட்லி வரும். கொஞ்சம் புளிக்கும், அவ்வளவே. ரொட்டி மாவின் வலைக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. ‘நன்றாகப் பொங்கட்டும்’ என்று இட்லிக்குக் காட்டும் தாராளத்தை ரொட்டிக்குக் காட்டினால் அமுங்குகிறது. நம் வீட்டுப் பெண்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பார்த்தே இட்லி மாவின் பதத்தைச் சொல்வார்கள். ரொட்டி மாவிலும் அதே கண் வேண்டும், எல்லையை மட்டும் முன்னதாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கண் பழகும் வரை ஒரு டம்ளர் உதவும். பிசைந்து முடித்ததும் மாவில் ஒரு நெல்லிக்காய் அளவைக் கிள்ளி, பக்கங்கள் நேராக உள்ள சிறிய கண்ணாடி டம்ளரின் அடியில் தட்டையாக அழுத்தி, மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அதன் இரு மடங்கு உயரத்தில் இன்னொரு கோடு. டம்ளரைப் பெரிய பாத்திரத்தின் அருகிலேயே வையுங்கள். டம்ளர் மாவு இரண்டாவது கோட்டைத் தொடும்போது முதல் உப்பல் முடிந்தது, மணி எவ்வளவு ஆகியிருந்தாலும் சரி. டின்னில் வைத்த பிறகு வரும் இரண்டாவது உப்பலுக்கு விரல் சோதனை போதும்: மாவு தடவிய விரலால் அரை அங்குலம் அழுத்திப் பாருங்கள். குழி உடனே எழும்பி மறைந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாக, பாதி மட்டும் எழும்பினால் அவனில் வைக்கலாம். எழும்பாமல் குழியாகவே நின்றால் காலம் கடந்துவிட்டது.

அவனை முன்கூட்டியே சூடாக்க மறப்பதால்தான் பெரும்பாலான விபத்துகள் நடக்கின்றன. சிறிய அவன் 200 டிகிரியை எட்ட 15 முதல் 20 நிமிடம் ஆகும், அந்த 20 நிமிடமும் மாவு நமக்காகக் காத்திருப்பதில்லை. ஒரு மே மாத மாலையில் மாவு சரியான பதத்தில் நின்றபோது மின்சாரம் போனது. ஒன்றேகால் மணி நேரம் கழித்து அது திரும்பியபோது மாவு டின்னை விட்டு வழிந்து மேடையில் தவழ்ந்துகொண்டிருந்தது. இப்போது அப்படி நேர்ந்தால் டின்னோடு குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடுகிறேன். மின்சாரம் இல்லாவிட்டாலும் மூடிய பெட்டி சில மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும்.

அளவு மீறிய மாவை அவனில் வைக்கும் முன் கண்டுகொண்டால் காப்பாற்றலாம். டின்னிலிருந்து எடுத்து, காற்றை முழுவதும் அழுத்தி வெளியேற்றி, மீண்டும் உருட்டி டின்னில் வையுங்கள். இம்முறை முன்பைவிட விரைவாக எழும், அருகிலேயே நில்லுங்கள். ருசி சற்றுக் குறையும், உருவம் தேறிவிடும்.

இனி, மூல காரணத்தை நீக்கும் கணக்கு. பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 26ஐ மூன்றால் பெருக்கினால் 78. இதிலிருந்து அறையின் வெப்பம், மைதாவின் வெப்பம், பிசைவதால் ஏறும் சூடு ஆகிய மூன்றையும் கழித்தால் நீர்ப்பொருள் இருக்க வேண்டிய வெப்பம் கிடைக்கும். அறை 33, மைதா 33, கையால் பிசைவதால் 3 என்றால், மிஞ்சுவது 9. அதாவது சென்னைக் கோடையில் ‘வெதுவெதுப்பான தண்ணீர்’ என்று செய்முறை சொல்லும் இடத்தில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஊற்ற வேண்டும். கொடைக்கானலில் டிசம்பர் மாதம், அறையும் மைதாவும் 15 டிகிரியில் இருக்கும் வீட்டில் அதே கணக்கு 45 டிகிரியைக் கொடுக்கும். அவர்களுக்கு வெந்நீர் தேவைதான். கூடவே ஈஸ்ட்டின் அளவையும் மாற்றுங்கள். மேலே 3 கிராம் என்று சொன்னதைக் கோடையில் 2 கிராமாக்கினாலும் ரொட்டி எழும். வேலைக்குப் போகிறவர்கள் இரவு பிசைந்து, பாத்திரத்தை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் எடுத்து உருட்டலாம். 4 டிகிரியில் ஈஸ்ட் ஏறக்குறைய உறங்கிவிடும், ஆனால் மாவின் வாசம் இரவில் ஏறிக்கொண்டே இருக்கும். என் சமையலறையில் வெளியே வைத்து அரை நாளில் செய்த ரொட்டியைவிட இந்தக் குளிர் ரொட்டிக்கே வீட்டார் முதலில் கை நீட்டுகிறார்கள்.

ரொட்டி செங்கல் போல் கனக்கிறது

வெட்டிய துண்டைக் கையில் எடுத்துக் கண்களை ஓட்டுங்கள். பக்கவாட்டில் மேலோடு வெடித்துப் பிளந்து, உள்ளே மேற்பகுதியில் ஒன்றிரண்டு குகைகளும் மற்ற இடங்களில் இறுக்கமும் இருந்தால், போதிய அளவு உப்புவதற்கு முன்பே அவனில் வைத்துவிட்டீர்கள். முந்திய பகுதியைப் படித்துப் பயந்தவர்களுக்கு இது நேரும். விரல் சோதனைக்குத் திரும்புங்கள். எங்கும் ஒரே சீராக இறுகி, நொறுங்கும் தன்மையோடு இருந்தால், மாவில் ஆட்டாவின் பங்கு மிகுதி.

சப்பாத்தி ஆட்டாவில் புரதம் மைதாவைவிடக் குறைவு என்பது தவறான எண்ணம். சொல்லப்போனால் சற்றுக் கூடுதல். அதில் உள்ள தவிடு, கண்ணாடிச் சில் போலக் குளூட்டன் இழைகளை அறுக்கிறது. கல் எந்திரத்தில் அரைபடுவதால் அதன் மாவுச்சத்து மணிகள் அதிகம் சிதைந்து, நீரை அள்ளிக் குடிக்கின்றன. சப்பாத்திக்கு மென்மை தருவதும் அதுதான், ரொட்டியைக் களியாக்குவதும் அதுதான். மைதாவில் பாதிக்கு மேல் ஆட்டா வேண்டுமென்றால், தண்ணீரை 40 முதல் 60 மில்லி வரை கூட்டி, ஊற வைக்கும் நேரத்தை ஒரு மணி நேரமாக்கி, இரு மடங்கு எழும் வரை காத்திருக்காமல் ஒன்றரை மடங்கிலேயே உருட்டிவிடுங்கள். கேழ்வரகிலும் கம்பிலும் குளூட்டன் இல்லை என்பதால், மொத்த மாவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் ரொட்டி என்று சொல்லத்தக்கதாக இருக்காது. ‘நூறு விழுக்காடு ராகி பிரெட்’ என்ற பெயரில் விற்கப்படுவதன் பொருள் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

மேலே கருகுகிறது, உள்ளே வேகவில்லை

மேலும் கீழும் சூட்டுக் கம்பி உள்ள சிறிய ஓ.டி.ஜி. அவனில் ரொட்டியின் தலை மேல் கம்பிக்கு மிக நெருக்கமாக வந்துவிடுகிறது. டின்னைக் கீழ்த் தட்டுக்கு மாற்றி, 20 நிமிடம் ஆனதும் அலுமினியத் தாளைக் கூடாரம்போல் தளர்வாக மேலே போர்த்துங்கள். திருகும் குமிழில் எழுதியிருக்கும் வெப்பத்தை நம்பாதீர்கள். என் முதல் அவன் 200 என்று காட்டிய இடத்தில் உண்மையில் 230 இருந்தது. தொங்கவிடும் அவன் வெப்பமானி ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ரொட்டி சுடுபவருக்குத் தராசுக்கு அடுத்த செலவு அதுவாக இருக்கட்டும்.

வெந்துவிட்டதா என்று பார்க்க, டின்னிலிருந்து எடுத்து அடியில் தட்டும் முறை எனக்கு ஒருபோதும் உதவியதில்லை; வெந்ததும் வேகாததும் எனக்கு ஒரே சத்தத்தில்தான் கேட்கின்றன. கம்பி வெப்பமானியை நடுவில் குத்தி 93 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம். வெண்ணெயும் முட்டையும் மிகுந்த பன்னுக்கு 88 போதும்.

வெப்பமானி சரியாகக் காட்டியும் உள்ளே பிசுபிசுப்பாக இருந்தால், சூடாகவே வெட்டியிருக்கிறீர்கள். அவனிலிருந்து வந்த ரொட்டியில் மாவுச்சத்து இன்னும் இறுகவில்லை, நீராவி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. கத்தி பட்டதும் அது நசுங்கிக் களியாகும். டின்னிலிருந்து உடனே எடுத்துக் கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள். டின்னுக்குள்ளேயே விட்டால் அடிப்பாகம் வியர்த்து ஈரமாகும். வாசம் வீடு முழுக்கப் பரவியிருக்கும்போது ஒரு மணி நேரம் காத்திருப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் நடக்காது என்பதை அறிவேன். அதற்காகவே ஒவ்வொரு முறையும் ஓரமாக ஒரு சிறிய பன் சுட்டுவிடுகிறேன்; அதைப் பிய்த்துச் சூடாகத் தின்னத் தடையில்லை.

நிறமே ஏறவில்லை

அவன் குளிர்ந்திருக்கலாம், வெப்பமானியைப் பாருங்கள். வெப்பம் சரியாக இருந்தால், நெடுநேரம் புளித்த மாவில் ஈஸ்ட் சர்க்கரையையெல்லாம் தின்று தீர்த்திருக்கும். மேலோடு சிவப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. அடுத்த முறை நேரத்தைக் குறைக்க வேண்டும். உப்பு போட மறந்த மாவும் கட்டுப்பாடின்றி உப்பி இதே போல வெளிறும், ஒரு துண்டு கடித்தாலே தெரிந்துவிடும்.

மறுநாளே வறண்டு போகிறது

ரொட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறீர்களா என்பதே என் முதல் கேள்வி. எறும்புக்கும் பூஞ்சைக்கும் பயந்து எல்லோரும் அங்கேதான் வைக்கிறார்கள். ரொட்டி பழசாவதில் ஈரம் போவது சிறு பங்குதான். வெந்தபோது நீரை ஏற்று விரிந்த மாவுச்சத்து, ஆறிய பிறகு மறுபடி இறுகிப் படிகமாகிறது, அதுவே முக்கியக் காரணம். அந்த இறுக்கம் உறைநிலைக்குச் சற்று மேல், அதாவது குளிர்சாதனப் பெட்டியின் நடுத் தட்டில் நிலவும் வெப்பத்தில், மிக விரைவாக நடக்கிறது. இரவில் பெட்டியில் வைத்த சோறு காலையில் விறைத்து நிற்பதும் இதனால்தான். ரொட்டியை முழுவதும் ஆற விட்டு, துண்டு போட்டு, ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வேண்டும்போது உறைந்த துண்டை நேராகத் தோசைக்கல்லிலோ டோஸ்டரிலோ வாட்டினால், இறுகிய மாவுச்சத்து சூட்டில் மீண்டும் இளகிப் புதிதுபோல் ஆகும். இரண்டு நாளில் தீர்ந்துவிடும் ரொட்டியை மூடியுள்ள டப்பாவில் வெளியிலேயே வைக்கலாம், மழைக்காலத்தில் மட்டும் ஒரே நாள்.

கடை ரொட்டி ஒரு வாரம் பஞ்சுபோல் இருப்பதற்கு அதில் சேரும் நொதிகளும், கொழுப்பையும் நீரையும் பிரியாமல் கலந்து வைக்கும் குழம்பாக்கிகளும் காரணம். அவையில்லாமல் இரண்டு மூன்று நாள் மென்மை வேண்டுமானால் கஞ்சி முறை கைகொடுக்கும். மொத்த அளவிலிருந்தே 20 கிராம் மைதாவையும் 100 மில்லி தண்ணீரையும் எடுத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே 65 டிகிரி வரை காய்ச்சினால் கூழாகக் கெட்டிப்படும். கரண்டியை இழுத்தால் பாத்திரத்தின் அடியில் தடம் தெரிய வேண்டும். ஆறியதும் மாவோடு சேருங்கள். ஜப்பானிலும் சீனத்திலும் பால் ரொட்டிக்குச் செய்வது இது. கூழான மாவுச்சத்து தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்திருப்பதால், அந்த நீர் சுடும்போது ஓடிவிடுவதில்லை.

உள்ளே பிசின்போல் நூல் இழுக்கிறது, பழவாடை அடிக்கிறது

இதுவரை சொன்ன குறைகளோடு வந்த எந்த ரொட்டியையும் தின்னலாம்: அமுங்கியதை உப்புமாவாகக் கிளறலாம், செங்கல்லை மெலிதாக அரிந்து ரஸ்க்காக வாட்டலாம். இந்த ஒன்றைத் தின்னக்கூடாது.

சுட்ட அன்று ரொட்டி குறையின்றி இருக்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ, அளவுக்கு மீறிக் கனிந்த அன்னாசி அல்லது முலாம்பழத்தின் வாடை மெல்ல எழும். முதல் முறை நான் அதை ஏதோ நல்ல புளிப்பு வாசம் என்று எண்ணி மகிழ்ந்தேன். ரொட்டியின் நடுப்பகுதி பழுப்பேறிப் பிசுபிசுக்கும். ஒரு துண்டைப் பிய்த்துப் பிரித்தால் சிலந்தி நூல்போல் மெல்லிய இழைகள் இழுபடும். வெளியே பூஞ்சை எதுவும் பூத்திருக்காது, ஆகவே வீட்டில் யாராவது தின்றுவிட வாய்ப்புண்டு.

மண்ணிலும் கோதுமைத் தவிட்டிலும் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் வகை நுண்ணுயிர்களின் வேலை இது. அவற்றின் வித்துகள் கடுஞ்சூட்டையும் தாங்கும். ரொட்டியின் மேலோடு 200 டிகிரி கண்டாலும் அதன் நடுப்பகுதி நூறைத் தொடுவதில்லை என்பதால், வித்துகள் பிழைத்து, ரொட்டி வெதுவெதுப்பாக ஆறும்போது முளைத்து, மாவுச்சத்தையும் புரதத்தையும் கரைக்கத் தொடங்குகின்றன. குளிர்ந்த நாடுகளின் செய்முறைகள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. 30 டிகிரிக்கு மேல் ஈரத்தோடு இருக்கும் நம் இரவுகள் அவற்றுக்கு ஏற்றவை. ஆட்டா கலந்த ரொட்டியில் தவிடு மிகுதி என்பதால் ஆபத்தும் மிகுதி.

அத்தகைய ரொட்டியை உறையில் கட்டி அன்றே வெளியே போட்டுவிடுங்கள். வாட்டினாலும் ரஸ்க்காக்கினாலும் வித்துகள் சாகா, வயிற்றுக்கும் ஆகாது. பிறகு மேடை, டின், கம்பித் தட்டு, ரொட்டி வைத்த டப்பா, மாவு சலித்த சல்லடை, வெட்டும் பலகை, கத்தி ஆகிய எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, வினிகரில் நனைத்த துணியால் துடைத்து வெயிலில் காய வையுங்கள். பலகையின் கீறல்களில் பழைய ரொட்டித் துகள் தங்கும், அங்கே கூடுதல் கவனம் வேண்டும். திறந்த மைதாப் பையை மாற்றிவிடுவது நல்லது.

அடுத்த ரொட்டியில் மாவின் புளிப்பைச் சற்று உயர்த்த வேண்டும், ஏனெனில் அமிலத்தில் அந்த நுண்ணுயிர் வளராது. 400 கிராம் மைதாவுக்கு இரண்டு தேக்கரண்டி வினிகரைத் தண்ணீரோடு கலந்து ஊற்றுங்கள், ருசியில் தெரியாது. வினிகர் பிடிக்காதவர்கள் நீர்ப்பொருளில் கால் பங்குக்குப் பதில் நன்கு புளித்த தயிரைச் சேர்க்கலாம். ரொட்டியை நடுவரை வேக வைத்து, மின்விசிறியின் கீழே கம்பித் தட்டில் விரைவாக ஆற வையுங்கள்; முழுவதும் ஆறாமல் டப்பாவில் அடைக்காதீர்கள். அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் தனியே ஒரு சிறு டப்பாவில் மூடி வைத்துவிட்டு, மீதியைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மூன்றாம் நாள் காலை அந்தத் துண்டைப் பிய்த்துப் பாருங்கள். நூல் இழுக்காமல், ரொட்டி வாசம் மட்டும் வந்தால், ஃப்ரீசரில் உள்ளதை எடுத்துக் கல்லில் போடலாம்.